ரிலீஸ்: ஒரு பிடி தளரும் சொல்

பழைய ஃபிலிம் கேமராவின் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். படம் எடுக்க அதைத்தான் அழுத்துவோம். அதற்கு ஷட்டர் ரிலீஸ் என்று பெயர். அழுத்துகிற பொத்தானுக்குப் போய் ‘விடு’ என்று பொருள்படும் சொல்லை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு வெகுநாள் குழப்பம். ஓடாத கேமரா ஒன்றைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் தெளிந்தது. அடுத்த படத்துக்காக ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோலை நாம் இழுக்கும்போதே உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகிவிடுகிறது. இறுகிய ஸ்பிரிங் உடனே விரிந்துவிடாமல் ஒரு குட்டிக் கொக்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்தக் கொக்கி விலகும். அவ்வளவுதான் விரலின் வேலை. ஷட்டரைத் திறந்து மூடுவதெல்லாம் ஸ்பிரிங்கின் பொறுப்பு. பிடித்துவைத்திருந்த ஒன்றைப் போக விடுவதுதான் அந்தப் பொத்தான்.

இந்தக் கொக்கியை நினைவில் வைத்துக்கொண்டால் ரிலீஸ் என்ற சொல்லில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

நாம் தமிழில் பேசும்போதே தினமும் புழங்குகிற சொல்தான் இது. படம் ரிலீஸ், பாட்டு ரிலீஸ், சிறையிலிருந்து ரிலீஸ், புது வெர்ஷன் ரிலீஸ். ஆனால் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் ஒருவர் அகராதியைத் திறந்தால் விடுதலை, வெளியீடு, தள்ளுபடி, உரிமை துறத்தல், தளர்த்துதல், வெளிவிடுதல் என்று வரிசையாகப் பொருள்கள் வந்து நிற்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்கே இந்தச் சொல்லைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுவரை பிடித்துவைத்திருந்தது யார், அல்லது எது? கையாக இருக்கலாம், கயிறாக இருக்கலாம், பூட்டோ சட்டமோ கடனோ கொடுத்த வாக்கோ எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பிடி முன்னால் இருந்திருக்க வேண்டும். தரையில் சும்மா கிடக்கும் கல்லை யாராலும் ரிலீஸ் செய்ய முடியாது. அதைக் கையில் எடுத்துப் பிடித்த பிறகுதான் முடியும்.

இனி இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீன் மொழியில் லாக்ஸுஸ் என்றால் தளர்ந்த, தொளதொளவென்ற, இறுக்கமில்லாத என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினை லாக்ஸாரே, அதாவது தளர்த்துவது. அதன் முன்னால் ‘ரெ’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ரெலாக்ஸாரே. ‘ரெ’ என்பதற்கு ‘திரும்ப’ என்றும் ‘பின்னோக்கி’ என்றும் பொருள் உண்டு. இறுகியிருப்பதைத் தளர்த்திப் பழைய நிலைக்கு விடுவது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த லத்தீன் சொல் பிரெஞ்சு பேசிய மக்களின் வாயில் பல நூற்றாண்டுகள் புரண்டது. நடுவில் இருந்த ‘க்ஸ்’ என்ற கடினமான ஒலி தேய்ந்து வெறும் ‘ஸ்’ ஆகிவிட்டது. பழைய பிரெஞ்சில் அதன் வடிவம் ஏறத்தாழ ரெலெஸ்ஸேர். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. அந்த வழியாக 1300-ஆம் ஆண்டு வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பிறகு ரிலீஸ் ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதே லத்தீன் ரெலாக்ஸாரே, 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு முறையும் ஆங்கிலத்துக்குள் வந்தது. இந்த முறை தேய்மானம் இல்லாமல், ‘க்ஸ்’ ஒலியோடு அப்படியே. அதுதான் ரிலாக்ஸ். ஆக, ரிலீஸும் ரிலாக்ஸும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மக்கள் பேச்சில் உருண்டு உருண்டு வழவழப்பான கூழாங்கல் போல வந்தது. மற்றது எழுத்துக் கற்றவர்களின் கையில் விளிம்பு கெடாமல் வந்தது. ஆரம்பத்தில் ரிலாக்ஸ் என்பதை மனிதர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு பொருளின் இறுக்கத்தைக் குறைப்பதற்குத்தான் சொன்னார்கள். ‘கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணு’ என்று ஆளைப் பார்த்துச் சொல்வது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம்.

உறவினர்கள் இத்துடன் முடியவில்லை. கண்டிப்பு இல்லாத ஆளை லாக்ஸ் என்பார்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மருந்து லாக்ஸடிவ். அதைத் தமிழில் மலமிளக்கி என்கிறோம், கவனித்தீர்களா? ‘இளக்கி’ என்றாலும் தளர்த்துவதுதான். இரண்டு மொழிகளும் ஒரே படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. லீஸ், அதாவது குத்தகை, இதே குடும்பம்தான். பிரெஞ்சில் ‘விடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. தமிழிலும் நிலத்தைக் குத்தகைக்கு ‘விடுகிறோம்’, வீட்டை வாடகைக்கு ‘விடுகிறோம்’. கொடுக்கிறோம் என்று சொன்னாலும் தவறில்லை. ஆனாலும் நாக்கில் முதலில் வருவது ‘விடு’தான்.

நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வாருக்கு லீஷ் என்று பெயர். அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை. கட்டிவைக்கும் வாருக்கு விடுவதைக் குறிக்கும் சொல்லா என்று தோன்றும். வேட்டை நாயை நினைத்துப் பாருங்கள். அந்த வார் நாயைக் கம்பத்தில் கட்டிப்போட வந்ததல்ல. நாய் முன்னால் ஓட, கை கொஞ்சம் கொஞ்சமாக நீளம் விட்டுக்கொடுக்க வந்தது. பிடியும் விடுதலும் ஒரே கையில் இருக்கிற கயிறு அது. ரெலிஷ் என்ற சொல்லும் இங்கிருந்துதான் கிளம்பியது. பழைய பிரெஞ்சில் ‘விட்டுச் சென்றது, மிஞ்சியது’ என்று பொருள்பட்ட ரெலெஸ் என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் நாக்கில் தங்கும் சுவையைக் குறித்தது. பிறகு சுவையையே குறித்து, அதன்பின் ஒன்றை ரசித்து அனுபவிப்பது என்றும் விரிந்தது.

பிரெஞ்சு நாடக அரங்குகளில் சில நாட்கள் ரெலாஷ் என்று பலகை வைப்பார்கள். ரெலாக்ஸாரேயின் நேர் வாரிசு அந்தச் சொல். ‘இன்று காட்சி இல்லை, நடிகர்களுக்கு ஓய்வு’ என்று பொருள். ஆங்கிலத்தில் ரிலீஸ் என்றால் படம் திரைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சில் அதன் சகோதரச் சொல்லைக் கண்டால் அரங்கம் பூட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம். வேர் ஒன்றுதான். ஒரு மொழி ஆட்களின் இறுக்கத்தைத் தளர்த்தியது, இன்னொன்று படப்பெட்டியின் பிடியைத் தளர்த்தியது.

சரி, ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் வேலை என்னவாக இருந்தது? சிறைக்கதவு திறப்பது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிடையாது. முதலில் அது ஆணையைத் திரும்பப் பெறுவதையும், வர வேண்டிய கடனைக் கைவிடுவதையும் குறித்தது. ஒருவன் எனக்குப் பணம் தர வேண்டும் என்றால் அவன்மேல் எனக்கு ஒரு பிடி இருக்கிறது. ‘தர வேண்டாம்’ என்று நான் சொன்னால் பிடி தளர்கிறது. கடமையிலிருந்தும் சிறையிலிருந்தும் ஆளை விடுவிப்பது என்ற பொருள்கள் 14-ஆம் நூற்றாண்டில் கூடச் சேர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத பிடி முதலில், கண்ணுக்குத் தெரியும் பிடி பிறகு. சட்டத்தின் மொழியாக பிரெஞ்சு இருந்த காலத்தில் வந்த சொல் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

சட்டத்தில் இந்தச் சொல் எவ்வளவு துல்லியமாகப் புழங்கியது என்பதற்கு இங்கிலாந்தின் பழைய நில விற்பனை முறை நல்ல சாட்சி. அந்த முறைக்கே ‘லீஸ் அண்ட் ரிலீஸ்’ என்று பெயர். 1536-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த வழி அது. 17-ஆம் நூற்றாண்டில் நன்றாக வேரூன்றியது. விற்பவர் முதல் நாள் நிலத்தை ஒரு வருடக் குத்தகைக்கு விடுவார். சட்டத்தின் பார்வையில் நிலம் இப்போது வாங்குபவரின் அனுபவத்துக்கு வந்துவிட்டது. விற்பவரிடம் மிஞ்சியிருப்பது, குத்தகை முடிந்ததும் நிலம் திரும்பத் தனக்கு வரும் என்ற உரிமை மட்டும். அடுத்த நாள் தேதியிட்ட இரண்டாவது பத்திரத்தில் அந்த உரிமையையும் விட்டுவிடுவார். அதுதான் ரிலீஸ். இரண்டும் சேர்ந்தால் விற்பனை முடிந்தது.

ஏன் இவ்வளவு சுற்று? ரிலீஸ் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. அது தன் பிடியை மட்டும் தளர்த்துகிறது. ஆகவே பொருள் ஏற்கெனவே எதிராளி பக்கம் இருந்தால்தான் ரிலீஸ் செல்லும். அதற்காகத்தான் முதல் நாளே குத்தகை என்ற பெயரில் நிலத்தை அவர் பக்கம் வைத்துவிடுகிறார்கள். 1841-இல் வந்த சட்டம் குத்தகைப் பத்திரம் இல்லாமலே ரிலீஸ் மட்டும் போதும் என்றது. 1845-க்குப் பிறகு இந்த இரட்டைப் பத்திர முறைக்குத் தேவையே இல்லாமல் போனது. ஆனால் இன்றும் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் அடுத்தடுத்த நாள் தேதியிட்ட இரண்டு பத்திரங்கள் ஒன்றாக மடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். லீஸும் ரிலீஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது தெரிந்தபின் அந்தக் காகிதக் கட்டைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நம்மிடம் புழங்கும் விடுதலைப் பத்திரமும் இதே கருத்துதான். கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கின்மேல் இருக்கும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுப்பது. தெரியாதவர்கள் ‘விடுதலை’ என்ற சொல்லைப் பார்த்து, யாருக்கு விடுதலை என்று குழம்புவார்கள். விடப்படுவது ஆள் இல்லை, உரிமை.

இதனால்தான் ரிலீஸ் என்று தலைப்பிட்ட எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். புகைப்படக் கலைஞர் ஒருவர் உங்களிடம் மாடல் ரிலீஸ் படிவத்தை நீட்டினால், அவர் உங்களுக்கு எதையும் வெளியிடவில்லை. உங்கள் படத்தைப் பயன்படுத்துவது குறித்து உங்களுக்கு இருக்கும் பிடியை நீங்கள்தான் தளர்த்துகிறீர்கள். பாராசூட்டில் குதிப்பதற்கு முன் நீட்டப்படும் படிவமும் அப்படித்தான். அடிபட்டால் வழக்குப் போடும் உரிமையை விட்டுத் தருகிறேன் என்பது அதன் உள்ளடக்கம். படிவத்தில் விடுகிற கை உங்களுடையது. எதை எவ்வளவு விடுகிறீர்கள் என்று வரிவரியாகப் படியுங்கள்.

இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வில்வித்தை பயிலும் இடத்துக்குப் போகலாம். அம்பு நாணைவிட்டுப் போகும் கணத்துக்கு அங்கே ரிலீஸ் என்றுதான் பெயர். எட்வர்ட் எஸ். மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1885-இல் இதைப் பற்றி மட்டுமே ஒரு ஆய்வு வெளியிட்டார். உலகத்தின் வெவ்வேறு மக்கள் நாணை எந்த விரல்களால் பிடித்து எப்படி விடுகிறார்கள் என்று பார்த்து ஐந்து வகையாகப் பிரித்தார். கட்டைவிரலுக்கும் மடித்த ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அம்பின் பின்முனையைக் கிள்ளிப் பிடிப்பது முதல் வகை. சொல்லிக்கொடுக்காமலே குழந்தைகள் பிடிப்பது இப்படித்தான். மத்தியதரைக்கடல் பகுதிக்குரிய வகையில் இரண்டு மூன்று விரல்களின் நுனியால் நாணை இழுப்பார்கள். மங்கோலிய வகையில் கட்டைவிரலை நாணில் கோத்து இழுப்பார்கள். அதற்கென்று கட்டைவிரலில் மோதிரம் போட்டுக்கொள்வதும் உண்டு.

எந்த வகையாக இருந்தாலும் பயிற்சி தருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. விரல்களைப் படக்கென்று திறக்காதே, இறுக்கத்தை மட்டும் விடு. புதிதாகக் கற்கிறவர் குறி பார்த்து முடித்ததும் விரல்களை விரித்துக் கையை வெளியே இழுப்பார். நாண் பக்கவாட்டில் ஆடும், அம்பு விலகிப் போகும். தேர்ந்தவர் விரல்களில் இருக்கும் பிடியைக் கரைய விடுவார். நாணே விரல்களைத் தள்ளிக்கொண்டு கிளம்பும். கேமராவில் பார்த்த அதே கதைதான். வேலையைச் செய்வது வளைந்து நிற்கும் வில், கை வழிவிடுகிறது. ரிலீஸும் ரிலாக்ஸும் ஒரே சொல் என்பதை அகராதியில் படித்து நம்புவது ஒன்று, அந்த விரல்களைப் பார்த்து உணர்வது வேறொன்று.

தமிழில் அம்பையும் ‘விடு’கிறோம். பட்டம் விடுகிறோம், படகு விடுகிறோம், மூச்சு விடுகிறோம், கண்ணீர் விடுகிறோம், தூது விடுகிறோம். ரிலீஸுக்குச் சமமான ஒரே தமிழ்ச் சொல் எது என்று கேட்டால் என் ஓட்டு ‘விடு’வுக்குத்தான். ஆனால் மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் அது பொருந்தாது. ஆளை என்றால் விடுவிக்கிறோம், விடுதலை செய்கிறோம். அணைத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். கடனைத் தள்ளுபடி செய்கிறோம். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுகிறோம். புத்தகத்தையும் படத்தையும் வெளியிடுகிறோம். இந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் தமிழ் ஆங்கிலத்தைவிட்டு விலகி வேறு திசையில் பார்க்கிறது. ‘வெளியிடு’ என்பதில் பொருள் வெளியே வந்து சேருவது முக்கியம். ரிலீஸில் கை தளர்வது முக்கியம். வாசகர் பக்கம் நின்று தமிழ் பார்க்கிறது, வைத்திருந்தவர் பக்கம் நின்று ஆங்கிலம் பார்க்கிறது.

‘விடு’ என்பதன் முதல் எழுத்தை நீட்டினால் ‘வீடு’. கெடு என்பது கேடு ஆவதுபோல. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் கடைசியாக நிற்கும் வீடு குடியிருக்கும் கட்டடம் அல்ல, எல்லாப் பற்றையும் விட்ட நிலை. ரிலீஸ் என்ற சொல்லால் இவ்வளவு தூரம் போக முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

வெளியீடு என்ற பொருள் ஆங்கிலத்தில் வந்தது மிகவும் பிந்தி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். செய்திக்கும் திரைப்படத்துக்கும் அப்போதுதான் ரிலீஸ் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வேயின் மின்சார ரயில் ஒன்று பாலத்திலிருந்து தடம்புரண்டு தண்ணீரில் விழுந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ரயில் நிறுவனங்கள் விபத்துச் செய்தியை முடிந்தவரை மூடி மறைக்கத்தான் பார்க்கும். ரயில்வேயின் மக்கள் தொடர்பு வேலையைப் பார்த்த ஐவி லீ வேறு மாதிரி செய்தார். நடந்ததைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. பிரஸ் ரிலீஸ் என்பதன் தொடக்கமாக இதைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். யார் பிடித்திருந்தார்கள் என்ற நம் கேள்வியை இங்கே கேட்டால் பதில் பளிச்சென்று கிடைக்கும். செய்தி ரயில் நிறுவனத்தின் கையில் இருந்தது, அவர்கள் விட்டார்கள். இன்றைக்கும் பல பிரஸ் ரிலீஸ்களின் மேலே ‘உடனடி ரிலீஸுக்கு’ என்ற வரி இருக்கும். சிலவற்றில் குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடக் கூடாது என்று இருக்கும். தாள் நிருபரின் கையில் இருக்கிறது, பிடி இன்னும் கொடுத்தவரிடம் இருக்கிறது.

மென்பொருளில் ரிலீஸ் கேண்டிடேட் என்று ஒரு நிலை உண்டு. பெரிய பிழை எதுவும் தென்படாவிட்டால் இதையே விட்டுவிடலாம் என்று கையில் வைத்துக் காத்திருக்கும் பதிப்பு. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

லாஞ்ச் என்ற சொல்லையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். லாஞ்ச் என்பதன் வேரில் இருப்பது ஈட்டியை எறிவது. அதில் உந்தித் தள்ளும் விசை உண்டு, ரிலீஸில் அது கிடையாது. ராக்கெட் கிளம்பும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. 1969-இல் அப்பல்லோ 11-ஐ ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் இன்ஜின்கள், தரையைவிட்டுக் கிளம்ப ஏறத்தாழ 9 நொடிகள் இருக்கும்போதே எரியத் தொடங்கின. அவ்வளவு நேரமும் நான்கு இரும்புக் கைகள் அடிப்பாகத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லா இன்ஜினும் முழு விசைக்கு வந்துவிட்டன என்று உறுதியான பிறகுதான் கைகள் விலகின. உலகம் பார்த்தது லாஞ்ச். அந்த நான்கு கைகள் செய்தது ரிலீஸ்.

ரிலீஸ் ஒரே நொடியில் முடிய வேண்டும் என்றும் இல்லை. சில மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்ற எழுத்துகள் இருக்கும். கடைசி ‘ஆர்’ ரிலீஸைக் குறிக்கிறது. மருந்தை மெதுவாக, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மாத்திரை என்று அர்த்தம். 1952-இல் ஸ்மித், க்லைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம் ஸ்பான்சூல் என்ற பெயரில் ஒரு கேப்சூலைக் கொண்டுவந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான குட்டி மணிகள். சிலவற்றின் மேல்பூச்சு மெல்லியது, சிலவற்றுக்குத் தடிமன். மெல்லிய பூச்சு சீக்கிரம் கரையும், தடித்தது தாமதமாகக் கரையும். பூச்சுதான் பிடி. பூச்சு கரையக் கரைய மருந்து ரிலீஸ் ஆகும். இப்படிப்பட்ட மாத்திரையை விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று பொடித்துவிட்டால் பிடி மொத்தமும் ஒரேயடியாக உடைந்துபோகும். பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே சமயத்தில் உடம்பில் இறங்கும். ஆபத்து. உடைக்கலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் உடைக்காதீர்கள்.

கற்கிறவர்களைத் தடுமாற வைக்கும் பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்துவிடலாம். ரிலீவ் என்பதில் இருப்பது லத்தீனின் லெவிஸ், அதாவது லேசானது. ரிலீவ் பாரத்தைக் குறைக்கும், ரிலீஸ் கட்டைத் தளர்த்தும். வலியை ரிலீவ் செய்யலாம், கைதியை ரிலீஸ் செய்யலாம். வேலையிலிருந்து விலகுகிறவருக்கு ரிலீவிங் லெட்டர் தருகிறார்கள் என்றால், சுமந்த பொறுப்பை இறக்கிவைத்தாயிற்று என்று பொருள். ரிலிங்க்விஷ் என்றால் பின்னால் விட்டுவிட்டுப் போவது. பதவியையோ உரிமையையோ கைவிடுவதற்குப் பொருந்தும். அதில் விடுகிறவர்தான் விலகிப் போகிறார். ரிலீஸில் விடுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார், விடப்பட்டதுதான் போகும்.

எஸ்கேப் இதற்கெல்லாம் நேர் எதிர். அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி மொழியறிஞர்கள் சொல்வது அழகாக இருக்கும். எக்ஸ் என்றால் வெளியே, காப்பா என்றால் போர்வை போன்ற மேலாடை. பிடித்தவனின் கையில் மேலாடையை மட்டும் விட்டுவிட்டு ஆள் நழுவி ஓடுவது. பிடித்த கை தளரவே இல்லை, அதில் இன்னும் துணி இருக்கிறது. கை தானாகத் தளர்ந்தால் ரிலீஸ், தளராமலே ஆள் போய்விட்டால் எஸ்கேப். கைதி ரிலீஸ் ஆனான், கைதி எஸ்கேப் ஆனான் என்ற இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். எதிலிருந்து விடுவிக்கப்பட்டது என்பதற்கு முன்னால் ஃப்ரம் போட வேண்டும். பேச்சிலும் பத்திரிகைகளிலும் ‘தி ஃபிலிம் ரிலீஸ்டு ஆன் ஃப்ரைடே’ என்று எழுதுகிறார்கள். திருத்தமான எழுத்தில் நடுவே ‘வாஸ்’ வேண்டும். காரணம் நமக்கு இப்போது தெரியும். படம் தன்னைத்தானே விட்டுக்கொள்ளாது, யாரோ விட வேண்டும். கடைசி ஒலி அழுத்தமான ‘ஸ்’, ரியலைஸ் என்பதன் கடைசியில் வரும் அதிர்வொலி கிடையாது. அப்புறம், ரீ என்று எழுதி நடுவில் ஒரு சிறு கோடு போட்டு லீஸ் என்று எழுதினால் அது வேறு சொல், மறுபடி குத்தகைக்கு விடுவது. ஒப்பந்தம் படிக்கும்போது அந்தச் சின்னக் கோட்டைத் தவறவிட்டால் அர்த்தமே மாறிவிடும்.

கடைசியாக, காட்டு உயிர்களைத் திரும்பக் காட்டில் விடுகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அவர்களிடம் ஹார்டு ரிலீஸ், சாஃப்ட் ரிலீஸ் என்று இரண்டு உண்டு. கூண்டைக் கொண்டுபோய்த் திறந்து அப்படியே விட்டுவிடுவது ஹார்டு. விடப்போகும் இடத்திலேயே வேலிபோட்டு, சில வாரங்கள் பழகவைத்து, பிறகு வேலியைத் திறப்பது சாஃப்ட்.

1995 ஜனவரியில் கனடாவிலிருந்து 14 சாம்பல் ஓநாய்களை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பல பத்தாண்டுகளாக ஓநாயே இல்லாத காடு அது. மூன்று வேலிகளுக்குள் பிரித்து வைத்துப் பழக்கினார்கள். மார்ச் மாதம் கிரிஸ்டல் கிரீக் என்ற இடத்தில் இருந்த வேலியின் கதவை முதலில் திறந்தார்கள். உள்ளே ஆறு ஓநாய்கள். கதவு திறந்தே கிடந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அத்தனை வாரமும் மனிதர்கள் உணவோடு வந்துபோனது அந்தக் கதவு வழியாகத்தான். மனித வாடை படிந்த அந்த வழியை ஓநாய்கள் நம்பவில்லை என்று ஆய்வாளர்களுக்கு உறைத்தது. கதவுக்கு எட்டத்தில், வேலியின் இன்னொரு பக்கத்தில் கம்பியை வெட்டி ஓட்டை போட்டார்கள். வெளியே இறைச்சியை வைத்துவிட்டு விலகினார்கள். ஓநாய்கள் அந்த ஓட்டை வழியாகத் தங்களுக்குத் தோதான நேரத்தில் வெளியேறின.